மேல் லயத்து ராசம்மா

ஹட்டன்,
16.3.1986

அன்புள்ள தம்பி கஸ்பருக்கு,

ஆண்டவர் கிருபையில் இருமலைத் தவிர எனக்கு வேறு குறை இல்லை. அங்கே பனி விட்டுவிட்டதா, உன் முழங்கால் எப்படி இருக்கிறது என்று எழுது.

ஒரு உதவி கேட்கவே இந்தக் கடிதம். இங்கே பாதர் மரியரட்ணம் 'அருளகம்' என்று ஒரு சமூக நிலையம் நடத்துகிறார் என்று முன்பு எழுதியிருந்தேன். ஜெர்மனியில் யாரோ புண்ணியவான்கள் அவருக்கு ஒரு கம்பியூட்டர் அனுப்பியிருக்கிறார்கள். பெட்டியைத் திறக்கப் பயந்து ஒரு வாரம் பூட்டியே வைத்திருந்தார். பிறகு, பக்கத்தில் கணக்குப் பட்டதாரி என்று நான் ஒருத்தி இருப்பது ஞாபகம் வந்து ஆள் அனுப்பினார். "பேராதனையில் நான் படித்த கணக்கு வேறு, இந்தப் பெட்டி வேறு, பாதர்" என்றேன். "ரெண்டுமே எனக்குப் புரியாது டீச்சர், அதனால எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்" என்றார்.

வேலை இதுதான். நாடற்றவர்களாக இருக்கும் தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்குப் பிரஜாவுரிமை கொடுக்கப் போகிறார்களாம். கொடுத்த பிறகு நம்புகிறேன். வட்டவளைப் பக்கத்துத் தோட்டங்களின் விண்ணப்பங்களை நிலையம் சேர்த்து, ஒரே பட்டியலாக்கி, ஆகஸ்ட் முடிவதற்குள் கொழும்பு அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும். நாலாயிரத்துக்கு மேல் வரும். எங்கே தவறிப்போகுமோ என்ற பயத்தில் ஆட்கள் யூனியனில் ஒன்று, கடை முதலாளியிடம் ஒன்று, எங்களிடம் ஒன்று என்று கொடுத்து வைக்கிறார்கள். எல்லாம் சுற்றிக்கொண்டு எங்களிடமே வந்து சேர்கின்றன. ஒரே ஆள் இரண்டு தடவை வந்தால் முழுப் பட்டியலையும் திருப்பிவிடுவோம் என்று கொழும்பில் சொல்லியிருக்கிறார்கள்.

இந்த மாதிரி வேலைகளுக்கு நீ ஏதோ எழுதி, உலகத்துக்கெல்லாம் சும்மா கொடுக்கிறாய் என்றாயே, அது உதவுமா? சும்மா கிடைப்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு. இருந்தாலும் அனுப்பு.

அன்புடன்,
அக்கா டோரீன்


லீட்ஸ்,
12.4.1986

என் அன்பு அக்கா,

நான் நன்றாக இருக்கிறேன். முழங்கால் மாடிப்படியில் மட்டும் முனகுகிறது. உங்கள் இருமலுக்கு டாக்டரைப் பார்த்தீர்களா? கசாயத்தோடு நிறுத்திவிடாதீர்கள்.

இரண்டு மட்டைகளுக்கு நடுவில் ஒரு பிளொப்பி தட்டு வைத்திருக்கிறேன். மடக்க வேண்டாம், ரேடியோப் பெட்டிக்குப் பக்கத்தில் வைக்கவும் வேண்டாம். அதில் இருப்பதை நாங்கள் லைப்ரரி என்கிறோம். புத்தகசாலை இல்லை. பெயர்களை வரிசைப்படுத்துவது, திகதியைச் சரிபார்ப்பது, தேடுவது போன்ற, எல்லோருக்கும் வேண்டிய சின்ன வேலைகளை ஒருவன் ஒரு தடவை ஒழுங்காக எழுதிவிட்டால், அடுத்தவன் அதைத் தன் புரோகிராமுக்குள் கூப்பிட்டுக்கொள்ளலாம். திரும்ப எழுதி மண்டையை உடைக்க வேண்டியதில்லை. இங்கே எங்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது. எழுதியதை மறைக்காமல், வரிக்கு வரி தெரியும்படி தட்டில் ஏற்றித் தபாலில் சுற்றவிடுகிறோம். யாரும் பிரதி எடுக்கலாம், மாற்றலாம், மற்றவருக்குக் கொடுக்கலாம். விற்கக் கூடாது, எழுதியவன் பெயரை எடுக்கக் கூடாது. அவ்வளவுதான் சட்டம்.

உங்களுக்கு வேண்டியது அதில் பதினேழாவது துண்டு புரோகிராம். பெயர், தகப்பன் பெயர், பிறந்த திகதி, விலாசம் நான்கும் ஒன்றாக இருந்தால் முதலாவதை வைத்துக்கொண்டு மற்றதை நீக்கிவிடும். இங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஓடுகிறது. ஒரு முறைப்பாடு இல்லை.

தட்டின் தலைப்பில், 'இதைப் பாவிப்பதால் வரும் எதற்கும் எழுதியவர் பொறுப்பல்ல' என்று ஒரு வசனம் இருக்கும். எல்லோரும் போடுவது. அதைப் பார்த்துக் கோபிக்காதீர்கள்.

தோட்டத்துக் கந்தோரில் முப்பது வருஷம் பேரேடு எழுதிய அப்பா இதைப் பார்த்திருக்க வேண்டும். நம் ஆட்களுக்கு என்னால் ஏதாவது ஆகிறது என்பது எனக்குப் பெரிய சந்தோஷம்.

உங்கள் தம்பி,
கஸ்பர்


ஹட்டன்,
1.6.1986

அன்புள்ள கஸ்பருக்கு,

இருமல் விட்டுவிட்டது. மழை பிடித்துக்கொண்டது. உன் தட்டு மடங்காமல் வந்தது.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைச் சேர்க்கும்போது எழுதும் இடாப்பில் இருந்து அறுநூறு பிள்ளைகளின் விபரங்களை நானும் நிலையத்துப் பெற்றீசியாவும் அடித்தோம். வேண்டுமென்றே சிலரை இரண்டு தடவை, மூன்று தடவை போட்டேன். உன் பதினேழாவது துண்டு ஒன்று விடாமல் பிடித்துவிட்டது. அது தவறு செய்வதைப் பார்க்க ஆசைப்பட்டு பல நாள் மாலைகளைச் செலவழித்தேன், நடக்கவில்லை. கெட்டிக்காரன்தான் நீ. 'பொறுப்பல்ல' என்ற வசனமும் எனக்குப் பிடித்தது. பொறுப்பு, பொறுப்பு என்று சொல்லிக்கொண்டு இந்த மலைக்கு ஏறி வந்தவர்களைப் பார்த்தே எனக்கு வயது போய்விட்டது.

ஞாயிறு பூசை முடிந்ததும் நிலையத்து வாசலில் வரிசை கோயில் வரைக்கும் நிற்கிறது. போன வாரம், அப்பா வேலை செய்த தோட்டத்து ஆட்கள் வந்தார்கள். மேல் லயத்து ராசம்மாவும் வந்திருந்தாள். புருஷன் இறந்து ஏழு வருஷம். ஒரே மகளை இறம்பொடைக்குக் கட்டிக் கொடுத்திருக்கிறாள். "எத்தனை இடத்தில் கொடுத்திருக்கிறாய்?" என்று கேட்டேன்.

"மூணு எடத்துல கைநாட்டு வச்சிருக்கேன் டீச்சரம்மா. எந்தச் சாமி கண்ணத் தொறக்கும்னு யாருக்குத் தெரியும்?"

"இதென்ன கோயிலா?"

"கோயில்ல வரிசை இவ்வளவு நீளம் இருக்காதுங்களே!" என்றாள். பெற்றீசியா சிரித்துச் சிரித்து இரண்டு பெயரைப் பிழையாக அடித்துவிட்டாள்.

உன்னையும் கேட்டாள். "கிளாக்கரய்யா வூட்டுச் சின்னவரு, கொழுந்து நிறுக்குற மடுவத்துப் படியில வுழுந்து மொழங்கால ஒடச்சுக்கிட்டாரே, நாந்தானே தூக்கியாந்தேன். சொகமா இருக்காரான்னு ராசம்மா கேட்டதா எழுதுங்க." எழுதிவிட்டேன்.

கடவுள் காப்பாராக.
டோரீன்


லீட்ஸ்,
28.6.1986

அன்பு அக்கா,

இங்கே வெயில் காலம், எல்லோருக்கும் பைத்தியம் பிடித்திருக்கிறது. சுகத்துக்குக் குறைவில்லை. நீங்கள் வைத்த பரீட்சையில் நான் பாஸ் என்பதைச் சங்கத்தில் சொல்லிப் பெருமைப்பட்டேன். என் லைப்ரரி இப்போது பதினொரு நாடுகளில் ஓடுகிறது, இலங்கையையும் சேர்த்து.

என்னைத் தூக்கிக்கொண்டு வந்தவரை ஞாபகப்படுத்திப் பார்க்கிறேன், முகம் வரவில்லை. அந்தத் தோட்டத்து லயங்களில், வரிசை வரிசையான அந்த ஒற்றை அறை வீடுகளில், எத்தனை ராசம்மா! கூப்பிட்டால் பத்துப் பேர் திரும்பிப் பார்ப்பார்களே.

அவசரத்தில் எழுதுகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கஸ்பர்


ஹட்டன்,
31.8.1986

அன்புள்ள கஸ்பருக்கு,

சுகமாக இருக்கிறேன். ஜூலை மாதம் உனக்கு எழுதியதற்குப் பதில் வரவில்லை. தபால் மீது பழியைப் போட்டு மனதைத் தேற்றிக்கொள்கிறேன்.

பட்டியல் முந்தாநாள் கொழும்புக்குப் போய்விட்டது. பாதரே மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் போனார். உன் பதினேழாவது துண்டு முந்நூற்றுப் பன்னிரண்டு பேரை இரட்டை என்று நீக்கியது. அங்கே நடுவிரலால் பக்கம் பக்கமாகத் தடவிப் பார்த்து, ஒரு இரட்டையும் கண்டுபிடிக்க முடியாமல், முத்திரை குத்திக் கொடுத்தார்களாம். பாதருக்கு அவர்களுடைய முகத்தைப் பார்த்ததே போதுமாக இருந்திருக்கிறது. நேற்று எனக்கும் பெற்றீசியாவுக்கும் கேக் வாங்கித் தந்தார்.

என்னிடம் நீ அதிகம் எதிர்பார்க்க மாட்டாய். இருந்தாலும் சொல்லி வைக்கிறேன், இது நல்ல வேலை. நீ செய்த நல்ல வேலை.

எப்போதும் போல,
அக்கா


லீட்ஸ்,
25.1.1987

அன்பு அக்கா,

புதுவருஷம் பிறந்து இத்தனை நாளுக்குப் பிறகு வாழ்த்துச் சொல்வதற்கு மன்னிக்க வேண்டும். எனக்கு வேலையில் உயர்வு கிடைத்திருக்கிறது. தனி அறை, ஜன்னலோடு. அதனால்தான் இவ்வளவு மாதம் கடதாசி எழுத முடியவில்லை. இங்கே முழங்கால் வரை பனி. உங்கள் உடம்பு எப்படி?

லைப்ரரியின் இரண்டாம் பதிப்பை இதோடு அனுப்புகிறேன். பதினேழாவது துண்டைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். இனி அது தானாக எதையும் நீக்காது. ஒன்றுபோல இருப்பவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் காட்டி, உங்களைக் கேட்கும். பழைய தட்டை இனிப் பாவிக்க வேண்டாம். அழித்துவிட்டால் நல்லது.

நத்தார் பண்டிகைக்குக் கேக் செய்தீர்களா? எனக்கு அந்த மணம் இங்கே வரைக்கும் வந்தது.

தம்பி கஸ்பர்


ஹட்டன்,
1.2.1987

அன்புள்ள கஸ்பருக்கு,

ஏழு மாதமாக உன்னிடம் இருந்து ஒரு வரி இல்லை. சுகமில்லையோ என்று பயந்து இதை எழுதுகிறேன். நான் சுகம். ஆனால் இங்கே ஒரு விஷயம் நடந்திருக்கிறது.

ஜனவரியில் பிரஜாவுரிமைப் பத்திரங்கள் வரத் தொடங்கின. அப்பாவின் தோட்டத்துக்கு வந்த கட்டுக்குள், 'ராசம்மா, மாயாண்டி மகள், பிறப்பு 1.1.1934' என்று ஒன்று இருந்தது. மேல் லயத்து ராசம்மாவுக்கு ஆள் அனுப்பினேன். அவள் வந்தாள். கூடவே இன்னொருத்தியும் வந்தாள். கீழ் லயத்து ராசம்மா. அவளுடைய தகப்பன் பெயரும் மாயாண்டி. அவர் வேறு மாயாண்டி, லயத்துக்கு ஒரு மாயாண்டி. அவளுக்கும் 1.1.1934. விலாசம் என்று இரண்டு பேருக்கும் எழுதியிருந்தது தோட்டத்தின் பெயர் மட்டும்தான்.

இரண்டு பேரும் மேசைக்கு முன்னால் நின்றார்கள். நான் விளக்கினேன். மேல் லயத்தவள்தான் முதலில் சிரித்தாள்.

"அப்ப மிசினு எங்க ரெண்டு பேரையும் ஒருத்தின்னு முடிவு பண்ணிருச்சா? ஏண்டி, ஒம் புருசன்ல பாதி இனி எனக்குத்தான். சட்டம்டி."

"முழுசாவே எடுத்துக்கிட்டுப் போ" என்றாள் மற்றவள். "அந்தாளு இருமுறதுல நா தூங்கி மூணு வருசம்."

"ச்சீ, செகண்ட்ஹேண்டு எனக்கெதுக்கு? பத்திரத்தக் குடுடி, போதும்."

பிறகு இரண்டு பேரும் சிரிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

அலுமாரியில் இருந்த விண்ணப்பங்களை எடுத்துப் பார்த்தேன். பத்திரத்தில் இருக்கும் இலக்கம் கீழ் லயத்தவளுடையது. அவளுடையதை முதலில் அடித்திருக்கிறோம். பத்திரம் அவளுக்குப் போய்விட்டது. மேல் லயத்து ராசம்மா கொழும்புக்குப் போன பட்டியலில் இல்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வைத்துப் பார்த்தபோது இது தெரியவில்லை. அவர்களுக்கு உண்மையான பிறந்த நாள் இருக்கிறது.

நீக்கப்பட்ட முந்நூற்றுப் பன்னிரண்டு பேரை இப்போது கையால் தேடுகிறோம். உன் துண்டு யாரை நீக்கியது என்று எங்கேயும் எழுதி வைக்காததால் இரட்டிப்பு வேலை. இதுவரை நாற்பதுக்கு மேல், இரட்டை இல்லாத, தனித்தனி மனிதர்கள் அகப்பட்டிருக்கிறார்கள். பாதர் கொழும்புக்குப் போய்ச் சிங்களத்தில் மன்றாடிப் பார்த்தார். காலம் முடிந்துவிட்டது, அடுத்த சட்டம் வரட்டும் என்கிறார்கள். அடுத்த சட்டம் என்று ஒன்று வருமா என்று அவர்களுக்கே தெரியாது.

இந்த ஓட்டையைப் பற்றி உனக்கு உடனே தெரிய வேண்டும். உன் லைப்ரரியைப் பாவிக்கும் மற்றவர்களுக்கும் சொல்.

அக்கா டோரீன்


ஹட்டன்,
15.2.1987

கஸ்பருக்கு,

உன் ஜனவரிக் கடிதமும் இரண்டாம் பதிப்பும் நேற்றுக் கிடைத்தன. உயர்வு கிடைத்ததற்குச் சந்தோஷம்.

நான் ஓட்டையைப் பற்றி எழுதுவதற்கு முந்திய வாரம் நீ அதை அடைத்துத் தபாலில் போட்டிருக்கிறாய். இரண்டு கடிதங்களும் வழியில் ஒன்றையொன்று கடந்து போயிருக்கின்றன. நான் சொல்லாமலே உனக்கு எப்படித் தெரியும்?

எப்போதிருந்து தெரியும்?

டோரீன்


லீட்ஸ்,
20.5.1987

அன்பு அக்கா,

உங்கள் இரண்டு கடதாசிகளும் வந்து கனநாள் ஆகிறது. பலமுறை எழுதத் தொடங்கிக் கிழித்துப் போட்டேன். நீங்கள் சுகமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். என் சுகத்துக்குக் குறைவில்லை.

போன வருஷம் ஜூலை மாதம் வேல்ஸில் ஒரு சுரங்க ஊர் டாக்டர் எனக்கு எழுதியிருந்தார். அங்கே பாதிப் பேருக்கு ஒரே பெயர். அப்பனுக்கும் மகனுக்கும் சித்தப்பனுக்கும் ஒரே பெயர். வீட்டு இலக்கம் எழுதாத ஒரே தெருவில், ஒரே நாளில் பிறந்த இரண்டு பேரில் ஒருவருடைய வைத்தியக் குறிப்பு காணாமல் போய்விட்டதாம். நான் அதை வேல்ஸ்காரர் கதை என்றுதான் நினைத்தேன். உங்கள் பட்டியல் அதற்குள் போயிருக்கும் என்றும் நினைத்தேன்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் இருக்கிறது, அக்கா. திருத்தம் தயாராகும் வரைக்கும் பிழையை வெளியில் சொல்வதில்லை. சொன்னால் எல்லோரும் பயந்து தட்டை வீசிவிடுவார்கள். செய்த வேலை எல்லாம் கெட்டுப் போகும். அதனால் ஒழுங்காகத் திருத்தி, பிறகு சொல்லலாம் என்று இருந்தேன். திருத்துவதற்கு நேரம் கிடைக்கவில்லை. இது என் சம்பள வேலை இல்லை, இரவில் சும்மா செய்கிற வேலை என்பது உங்களுக்குத் தெரியும்.

உங்களுக்காவது தனியாகச் சொல்லியிருக்கலாம்தான்.

இங்கே ரோஜாக்கள் பூக்கத் தொடங்கிவிட்டன. கண்ணாடி மாற்ற வேண்டும் என்றீர்களே, மாற்றிவிட்டீர்களா?

கஸ்பர்


ஹட்டன்,
14.6.1987

கஸ்பருக்கு,

கண்ணாடி மாற்றிவிட்டேன். நன்றாகத் தெரிகிறது.

உன் கடிதம் வந்தபோது நான் அனுப்பிய பழைய கடிதங்களின் திகதிகளை யோசித்துப் பார்த்தேன். பட்டியல் ஆகஸ்ட் முடிவில்தான் போகும் என்று முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தேன். ஜூலையில் ஒரு தந்தி அடித்திருந்தால் போதும். 'பதினேழை நிறுத்தவும்.' இரண்டே சொல்.

வேல்ஸ்காரர் கதை என்று நினைத்தாயாம். நம் தோட்டத்தில் பிறப்புப் பதிவு இல்லாதவர்களுக்கு வயது எழுதச் சொல்லித் துரை உத்தரவு போட்டபோது, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் ஆட்களை நிறுத்திவைத்து, முகத்தைப் பார்த்து வருஷத்தை மதிப்பிட்டு, எல்லோருக்கும் ஜனவரி முதலாம் திகதி என்று எழுதியவர் அப்பா. நீயும் நானும் பக்கத்தில் நின்று பார்த்தோம். அன்று இரவு சாப்பாட்டு மேசையில், "எங்கள் தோட்டத்தில் எல்லோருக்கும் ஒரே நாளில் பிறந்தநாள்" என்று நீதான் பகிடி விட்டாய். நாம் இரண்டு பேரும் ஞானஸ்நானப் பதிவு உள்ளவர்கள். நமக்குப் பிறந்த நாள் இருந்தது.

இனி இங்கே நடந்ததைக் கேள். ஏப்ரலில், இறம்பொடையில் மகளுக்குப் பிரசவ வலி எடுத்துவிட்டது என்று மேல் லயத்து ராசம்மாவுக்குச் செய்தி வந்தது. பஸ் ஏறிப் போயிருக்கிறாள். லிந்துலைக்கு இந்தப் பக்கம் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கி அடையாள அட்டை கேட்டார்கள். அட்டை கேட்பது இப்போது இங்கே வழக்கமாகிவிட்டது. கீழ் லயத்து ராசம்மா அந்தப் பத்திரத்தைக் காட்டி அட்டைக்கு எழுதிப் போட்டு, வாங்கியும் விட்டாள். இவளிடம் ஒன்றும் இல்லை. "வருதுங்க, டீச்சரம்மா எழுதிப் போட்டிருக்காங்க" என்று சொல்லியிருக்கிறாள். சொன்னது தமிழில். ஒரு பொலிஸ் நிலையத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். பாதர் தேடிக் கண்டுபிடித்து வெளியே எடுக்க நாலு நாள் ஆனது.

மகளுக்குப் பிள்ளை தங்கவில்லை. தாய் போயிருந்தாலும் தங்கியிருக்காது என்று டாக்டர் சொன்னார். இருக்கலாம். அதை அவளிடம் போய்ச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இப்போது என்னை வழியில் கண்டால் ஒதுங்கி நின்று வழிவிடுகிறாள். முன்பெல்லாம் கூடையோடு குறுக்கே நின்று கதை கேட்பவள்.

டோரீன்


லீட்ஸ்,
2.10.1988

அன்பு அக்கா,

நீண்ட காலம் போய்விட்டது. நான் சுகமாக இருக்கிறேன். நீங்களும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். உங்களுக்கு வயது ஐம்பது ஆகிவிட்டது என்பதை நேற்றுக் கணக்குப் பார்த்துத் திடுக்கிட்டேன்.

நல்ல செய்தி ஒன்று. ஒரு பெரிய சஞ்சிகை என் லைப்ரரியைத் தன் வாசகர்களுக்கு இலவசமாகக் கொடுக்கப் போகிறது. மூன்றாம் பதிப்பு. ஆயிரக்கணக்கான பேருக்குப் போகும். இப்போது உலகத்தில் எங்கெங்கே ஓடுகிறது என்று எனக்கே தெரியாது.

தலைப்புப் பக்கத்தில், பிழைகளைக் கண்டுபிடித்து உதவியவர்களுக்கு நன்றி சொல்ல ஒரு இடம் இருக்கிறது. வேல்ஸ் டாக்டரின் பெயரைப் போடுகிறேன். உங்கள் பெயரையும் போட ஆசை. 'திருமதி' இல்லை, 'செல்வி டோரீன் சூசைரட்ணம், ஹட்டன், இலங்கை'. பதினேழாவது துண்டில் நீங்கள் கண்டதைப் பற்றி நாலு வரியில் ஒரு குறிப்பு எழுதி அனுப்பினால், பாவிப்பவர்களுக்குப் பிரயோசனமாக இருக்கும். உங்கள் எழுத்து எப்போதும் சுருக்கமானது.

டிசம்பர் விடுமுறைக்கு இங்கே வாருங்களேன். டிக்கெட் நான் அனுப்புகிறேன். ஜன்னல் உள்ள அறையைக் காட்ட வேண்டும்.

உங்கள் தம்பி,
கஸ்பர்


ஹட்டன்,
15.1.1989

கஸ்பருக்கு,

டிசம்பர் போய்விட்டது. இனி வருவதைப் பற்றி யோசிக்க வேண்டாம்.

நீ எழுதிய பிறகு இங்கே இன்னொரு சட்டம் வந்திருக்கிறது. மிச்சமாக விடுபட்டவர்களுக்கும் பிரஜாவுரிமை கொடுப்பதாம். ஒரு சத்தியக் கடதாசி போதுமாம். அந்த நாற்பது சொச்சம் பேருக்கும் கையால் எழுதினேன். கம்பியூட்டரைப் பாதர் போர்வை போட்டு மூடிவிட்டார். எல்லோரும் வந்து கைநாட்டு வைத்தார்கள், ஒருத்தியைத் தவிர. மூன்று தடவை ஆள் அனுப்பிப் பார்த்துவிட்டு, போன வெள்ளிக்கிழமை நானே மேல் லயத்துக்கு ஏறிப் போனேன்.

ராசம்மா வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தாள். ஒரு பலகையைத் துடைத்துப் போட்டாள்.

"குந்துங்க டீச்சரம்மா."

"இந்தத் தடவை மிஷின் இல்லை, ராசம்மா. நானே என் கையால் எழுதியிருக்கிறேன். ஒரு கைநாட்டு மட்டும் வை."

"வச்சு?"

"நானே கொழும்புக்குக் கொண்டுபோய்க் கொடுப்பேன்."

"குடுத்து?"

கடதாசியை அவள் பக்கம் நீட்டினேன். அவள் கோடரியைக் கீழே வைத்தாள்.

"அந்தப் பொலிசுல ஒவ்வொருத்தனா வந்து நீ யாருன்னு கேட்டானுங்க. ராசம்மா, மாயாண்டி மகன்னு சொன்னேன். எழுதிக்கிட்டானுங்க. அடுத்தவன் வந்து மறுபடியும் நீ யாருன்னான். அங்க எம் மக கத்திக்கிட்டு கெடந்தா. நா இங்க எம் பேரச் சொல்லிக்கிட்டு கெடந்தேன். நாப்பது வருசம் கொழுந்தெடுத்தேன் டீச்சரம்மா, அப்ப ஒரு பய நீ யாருன்னு கேக்கல. இனிமே கேட்டாலும் நா சொல்லப் போறதில்ல."

"உன் மகளைப் பார்க்கப் போகவாவது அட்டை வேண்டாமா?"

"அவ என்னப் பாக்க வர மாட்டேங்கிறாளே" என்றாள். "அன்னிக்கு ஏன் வரலேன்னு கேட்டனுப்புறா. நா என்னத்தச் சொல்ல? எம் பேருல இன்னொருத்தி இருந்தான்னா?"

அதற்குப் பிறகு எனக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாள். குடித்துவிட்டு, கைநாட்டு இல்லாத கடதாசியோடு இறங்கி வந்தேன்.

நீ கேட்ட குறிப்பைக் கீழே எழுதுகிறேன்.

'பதினேழாவது துண்டு, ஒரே பெயரும் ஒரே திகதியும் உள்ள மனிதர்களில் ஒருவரை வைத்து மற்றவரைச் சொல்லாமல் நீக்கிவிடும். இது எழுதியவருக்கு 1986 ஜூலையில் தெரியும். அந்த ஆகஸ்டில் அவருடைய அக்கா அதைப் பாவித்தார். அவருக்குத் தெரியப்படுத்தப்படவில்லை.'

நாலு வரி கேட்டாய், இருக்கிறது. இதை ஒரு சொல்லும் குறைக்காமல் போடுவதானால் என் பெயரையும் போடு. முடியாவிட்டால் இரண்டும் வேண்டாம்.

டோரீன்